ஃபரீதா சாய்ந்து பார்த்த கரை

தேக்கா சந்தையில் பாறை மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தபோது கைப்பேசி அடித்தது. ஈரக் கையோடு எடுத்தேன். ஃபேரர் பார்க்கில் துணிக்கடை வைத்திருக்கும் கபீர் பேசினார். என்னோடு நெடுங்காலம் வேலை பார்த்த ஃபரீதாவின் தம்பி அவர். அந்தக் குடும்பத்தில் அக்காவை லாத்தா என்றுதான் அழைப்பார்கள். "லாத்தா மௌத்தாயிட்டாங்க அண்ணே. காலையில தொழுதுட்டுப் படுத்தாங்க, எந்திரிக்கல" என்றார். வெட்டவா வேண்டாமா என்று மீன்காரர் கத்தியோடு காத்திருந்தார். நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. வீட்டுக்கு வந்து பார்த்தபோது பையில் வெட்டிய மீன் இருந்தது. அதை வறுத்து வைத்த என் மனைவியும் சாப்பிடவில்லை, நானும் சாப்பிடவில்லை. அன்று எனக்கு நினைத்து நினைத்து அழுகை வந்தது.

இந்த நினைவுக் குறிப்பை வாசிக்கிற, ஃபரீதாவை அறிந்த உங்களுக்குத் தெரியும், அவர் முன்னால் வெகுநேரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருக்க முடியாது. அலுவலகத்தில் யாராவது வாடிப்போய் உட்கார்ந்திருந்தால், "என்ன, உங்க பக்கம் மண்ணரிப்பா?" என்று கேட்டபடி ஒரு கறி பஃப்பை மேசையில் வைத்துவிட்டுப் போவார். காரணம் கேட்கமாட்டார். கறி பஃப்பைத் தின்று முடிப்பதற்குள் நாமாகவே எழுந்து போய்க் காரணத்தைச் சொல்லிவிடுவோம். அப்படிப்பட்டவரைப் பற்றி ஒப்பாரி வைத்து எழுதினால் எங்கிருந்தாவது எழுந்து வந்து திட்டுவார். ஆகவே அழுகை இத்தோடு நிற்கட்டும்.

அன்று பகல் தொழுகை முடிந்து பள்ளிவாசலிலிருந்து சுவா சூ காங் மையவாடிக்குப் போனோம். நான் கூட்டத்துக்குச் சற்றுத் தள்ளி நின்றேன். இந்த ஊரில் இடம் சுருக்கம். கபுருக் குழிகளுக்கென்று முன்கூட்டியே கான்கிரீட் சுவர்களை வரிசையாக இறக்கி, நடுவில் மண்ணை நிரப்பி வைத்திருக்கிறார்கள். வாழ்நாளெல்லாம் கான்கிரீட்டோடு மல்லுக்கட்டிய பெண்ணை அந்தச் சுவர்களுக்கு நடுவே இறக்கியபோது எனக்கு, வரக்கூடாத இடத்தில், சிரிப்பு வந்துவிட்டது. தலையைக் குனிந்துகொண்டேன். எல்லாம் முடிந்து கையில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டு வந்த கபீரும் அதையேதான் நினைத்திருக்கிறார்.

"பார்த்தீங்களா அண்ணே, கடைசியில உங்க கான்கிரீட் கட்சி ஜெயிச்சிருச்சு" என்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

மேலே புல் போடுவார்கள் என்று ஆறுதல் சொன்னேன். எந்தப் புல் என்று லாத்தா கேட்பாரே என்றார். வண்டி நிறுத்துமிடத்துக்கு வந்ததும் அவரே மறுபடி ஆரம்பித்தார். "அந்த வளைவு என்னாச்சுண்ணே? நேத்து சாப்பிடும்போதுகூட அதைத்தான் பேசுனாங்க. இந்த மழை முடியட்டும், போய்ப் பார்க்கணும்னு." நான் போய்ப் பார்த்துவிட்டுச் சொல்வதாக ஒப்புக்கொண்டேன். ஆண்டுக் கடைசி மழை அப்போதுதான் தொடங்கியிருந்தது.

அந்த வளைவைப் பற்றித் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். வடிகால் வேலைகளுக்கு ஆலோசனை சொல்லும் ஒரு நிறுவனத்தில் நானும் ஃபரீதாவும் இருந்தோம். நான் நீரியல் பொறியாளன். அவர் தாவரவியல் படித்தவர். வடக்கே ஓர் அடுக்குமாடிப் பேட்டையின் பின்னால் நேர்க்கோடாக ஓடிய கான்கிரீட் லோங்காங் ஒன்றை, அதாவது பெரிய வடிகாலை, உடைத்து, மண்கரையும் செடிகொடியுமாக வளைந்து நெளிந்து ஓடும் ஓடையாக மாற்றும் வேலை எங்களுக்கு வந்தது. அதில் பாதியை மாற்றிவிட்டோம். மீதிப் பாதி இன்னமும் கான்கிரீட்டாகவே கிடக்கிறது. மாற்றிய பாதியில் ஒரு கூரான வளைவு இருக்கிறது. தண்ணீர் அங்கே திரும்பும்போது வெளிப்பக்கக் கரையை முட்டும். அந்தக் கரை இந்த மழைக்குத் தாக்குப்பிடித்தால் மீதிக் கான்கிரீட்டையும் உடைக்கலாம். பிடிக்காவிட்டால் வளைவில் சுவர் எழும்பும், மீதிப் பாதியும் லோங்காங்காகவே இருந்துவிடும். முடிவு சொல்லவேண்டிய ஆய்வறிக்கை என் பொறுப்பு. ஃபரீதாவின் கடைசி ஆசை அந்த வளைவில் நின்றுகொண்டிருந்தது.

முதன்முதலில் அவரை எங்கள் குழுவில் சேர்த்தபோது நான் முணுமுணுத்தேன். எனக்கு அப்போது செடி என்றால் சேலைக்கு பார்டர் மாதிரி. சேலையை நாங்கள் நெய்து முடித்த பிறகு யாராவது வந்து ஓரத்தில் ஒட்டிவிட்டுப் போகலாம். வேறொரு வேலைக்கு நிலம் பார்க்க சுவா சூ காங் பக்கம், பழைய பண்ணை நிலத்தின் ஓரமாக ஓடிய ஒரு மண்வாய்க்காலுக்குப் போயிருந்தோம். பூப்போட்ட பாஜு குரோங் என்ற மலாய் நீள அங்கி, அதற்கு ஏற்ற நிறத்தில் தலைத்துணி, கீழே முழங்கால் உயர ரப்பர் பூட்ஸ். இந்தக் கோலத்தில் வந்து இறங்கியவர் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. கரையில் பச்சைப்பசேலென்று இருந்த ஒரு புல்திட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தன் முழு எடையையும் போட்டு வாய்க்கால் பக்கமாகச் சாய்ந்தார். எடை ஒன்றும் குறைவில்லை. திட்டு பெயர்ந்தது. அவர் தண்ணீரில் உட்கார்ந்தார்.

நாங்கள் பதறிப்போய் ஓடினோம். அவர் இடுப்பளவுத் தண்ணீரில் உட்கார்ந்தபடியே கையிலிருந்த புல்லைத் திருப்பி வேரைப் பார்த்தார். "இது தேறாது" என்றார். பிறகு ஈரத்தோடு எழுந்து, கொஞ்சம் தள்ளி இருந்த வெட்டிவேர்த் தூரைப் பிடித்துக்கொண்டு அதே மாதிரி சாய்ந்தார். அது அசையவில்லை. வெயில் பட்ட முகத்தோடு அப்படியே சாய்ந்து நின்றுகொண்டு என்னைப் பார்த்து, "இன்ஜினியர், நீங்க வாங்க. நீங்களும் சாஞ்சு பாருங்க" என்றார். நான் போகவில்லை. எனக்கு அன்று புதுக் காலணி.

அன்று முதல் நான் அவருக்கு இன்ஜினியர்தான். என் பெயர் கதிரேசன் என்பது அவருக்குக் கடைசிவரை தெரியுமா என்று எனக்குச் சந்தேகம் உண்டு. சாய்ந்து பார்க்கும் அந்தப் பழக்கத்தை அவர் கரையோடு நிறுத்திக்கொள்ளவில்லை. நாற்காலி வாங்கினாலும் சாய்ந்து பார்ப்பார், ஆளைச் சேர்த்துக்கொண்டாலும் சாய்ந்து பார்ப்பார். கபீரின் மகளுக்கு மாப்பிள்ளை பேசியபோது, அந்தப் பையனைப் பள்ளி விடுமுறை நாளாகப் பார்த்து, வீட்டுப் பெரிய பெண்கள் எல்லோரையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு எல்லை தாண்டி ஜோகூர் போய்வரச் சொன்னார். பாலத்தில் நெரிசல் எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியாதா? போகும்போதும் வரும்போதும் ஆளுக்கொரு புகாரோடு பின்னால் உட்கார்ந்திருந்த பெண்களிடம் அவன் ஒரு வார்த்தை முகம் சுளித்துப் பேசவில்லையாம். "சாஞ்சு பார்த்துட்டேன் லா. தாங்குறாரு" என்று மறுநாள் அலுவலகம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

எங்கள் சண்டையைப் பற்றியும் சொல்லவேண்டும். அது இல்லாமல் ஃபரீதா இல்லை. கான்கிரீட் மழமழவென்று இருக்கும், தண்ணீர் விறுவிறுவென்று ஓடிவிடும், வீட்டுக்குள் வெள்ளம் வராது. என் தொழில் எனக்குச் சொல்லிக்கொடுத்தது இதுதான். செடி வைத்தால் தண்டும் இலையும் குறுக்கே நின்று தண்ணீரைத் தடுக்கும், வேகம் குறையும், மட்டம் ஏறும், கடைசியில் தரைத்தளத்துக் கடைக்காரர்கள் என் சட்டையைப் பிடிப்பார்கள். அவரோ, வேகம் குறைவதுதான் கரைக்கு நல்லது, மட்டம் ஏறினால் தண்ணீருக்கு அகலம் கொடு என்பார். அகலத்துக்கு இடம் எங்கே இருக்கிறது என்று நான் கேட்பேன். பூங்காவை எதற்கு வைத்திருக்கிறார்கள், மழைக்கு அதில் தண்ணீர் ஏறி இறங்கட்டுமே என்பார். இருவரும் தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்கிற ரகம். நடுவில் மாட்டிக்கொண்டவர்கள் எங்கள் அலுவலகத்து வரைபடக்காரர்கள். காலையில் வரைந்த கரையைப் பிற்பகலில் அழிப்பார்கள்.

ஒருநாள் இந்தச் சண்டை ஃபேரர் பார்க்கில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடைவரை வந்துவிட்டது. செடியால் ஆற்றின் உருவமே மாறும் என்று அவர் சொல்ல, ஆற்றின் உருவத்தைத் தீர்மானிப்பது தண்ணீரும் சரிவும் மண்ணும்தான் என்று நான் சொல்ல, அவர் பேச்சை நிறுத்திவிட்டுத் தன் சோற்றை இரண்டாகப் பிரித்தார். நடுவில் விரலால் ஒரு வாய்க்கால் இழுத்தார். ஒரு பக்கக் கரையை வெறும் சோறாக விட்டார். மறுபக்கக் கரையில் கங்கோங் கீரைப் பொரியலை நீளநீளமாகச் செருகினார். இலையின் தலைப்பக்கத்தைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு ரசத்தை ஊற்றச் சொன்னார். பரிமாறுபவர் என்னைப் பார்த்தார். ஊற்றுங்கள் என்று நானும் சொன்னேன்.

வெறும் சோற்றுக் கரை பொதபொதவென்று கரைந்து இறங்கியது. கீரை செருகிய கரை நின்றது. அதுமட்டுமல்ல, அந்தப் பக்கம் மெதுவாக ஓடிய ரசம் தான் இழுத்துவந்த பருக்கைகளைக் கீரைக்குப் பக்கத்தில் போட்டுவிட்டுப் போனது. கொஞ்ச நேரத்தில் வாய்க்கால் வெறுங்கரைப் பக்கமாக நகர்ந்திருந்தது. "பார்த்தீங்களா, வேர் பிடிச்சுக்குது, தண்டு வேகத்தக் குறைக்குது, குறைஞ்ச தண்ணி மண்ணப் போட்டுட்டுப் போகுது. போட்ட மண்ணுல மறுபடி புல்லு. இப்படித்தான் ஆறு ஒதுங்குது, குறுகுது, நடுவுல ஆழமாகுது" என்றார். ஆழமானால் கொள்ளளவு பழையபடி இருக்குமா என்று கேட்டேன். அதைக் கணக்குப் பார்க்கத்தானே உங்களைப் படிக்கவைத்தார்கள் என்றார். மேசையெல்லாம் ரசம். மேசையைத் துடைத்துக்கொண்டே பரிமாறுபவர், அடுத்த முறை வந்தால் மோரில் செய்து காட்டச் சொன்னார்.

இனி அந்த வளைவுக்கு வருகிறேன். ஓடை திறந்து, கரையெங்கும் புல்லும் நாணலும் இடுப்புயரம் வளர்ந்து, மீன்கொத்தியும் நீர்நாயும் வந்துபோய்க்கொண்டிருந்த நேரம். நமக்கோ ஊர் பளிச்சென்று இருக்கவேண்டும். புல் கணுக்காலுக்கு மேல் வளர்ந்தால் யாரோ வேலை பார்க்கவில்லை என்று பொருள். பாம்பு இருக்கும், கொசு வரும், பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று பேட்டையிலிருந்து புகார் மேல் புகார். பராமரிப்புக்காரர்களும் தங்கள் வேலையைச் செவ்வனே செய்தார்கள். ஒரே காலைப்பொழுதில் நீர்மட்டம்வரை மொட்டை அடித்து, வெட்டிய புல்லைப் பை பையாகக் கட்டி வைத்து, படமும் எடுத்து அனுப்பினார்கள். கரை கோல்ஃப் மைதானம் மாதிரி இருந்தது. படத்தைப் பார்த்த ஃபரீதா தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அவருக்கு அன்று நான் கறி பஃப் வாங்கிவந்து வைத்தேன். தொடவில்லை.

அந்த வாரமே பெருமழை வந்தது. நீண்ட புல்லாக இருந்திருந்தால் வெள்ளத்தில் படுத்துக்கொண்டு மண்ணுக்குப் போர்வையாக இருந்திருக்கும். மொட்டைக் கரையில் தண்ணீர் வழுக்கிக்கொண்டு வந்து வளைவில் முட்டி, கரையின் அடியைக் குடைந்தது. அடி போனதும் மேலே இருந்த மண் அப்படியே உட்கார்ந்துவிட்டது. யாருக்கும் அடிபடவில்லை. ஆனால் கரைமேல் நின்ற பெரிய அங்சானா மரத்தின் வேர்கள் ஒரு பக்கம் அந்தரத்தில் தொங்கின. அங்கே கான்கிரீட் சுவர் எழுப்பிவிடலாமா என்று மேலிடத்தில் கேட்டார்கள். எழுப்பலாம் என்றுதான் நான் சொன்னேன். இன்று கேட்டாலும், அன்றைய நிலைமைக்கு அதுதான் சரி என்பேன். ஃபரீதா என்னோடு சண்டை போடவில்லை, அதுதான் ஆச்சரியம். என் மேசைக்கு எதிரே வந்து உட்கார்ந்து, நிதானமாக, "எனக்கு டைம் குடுங்க, இன்ஜினியர். ரெண்டு மழைக்காலம். அதுக்கப்புறமும் இறங்குச்சுன்னா நானே சுவருக்குக் கையெழுத்துப் போடறேன்" என்றார். மேலிடத்தில் பேசி வாங்கிக்கொடுத்தேன்.

முதலில் புகார்களுக்கு ஒரு வழி கண்டுபிடித்தார். நடைபாதையை ஒட்டி ஒரு கை அகலத்துக்கு மட்டும் ஒழுங்காக, நூல் பிடித்த மாதிரி வெட்டச் சொன்னார். அதற்கு அப்பால் கரை முழுக்கக் காடாக இருந்தாலும் தொடக்கூடாது. அவ்வளவுதான். புகார் நின்றுபோனது. புல் முன்பைவிட உயரமாகத்தான் இருந்தது, ஆனால் யாரும் அசிங்கம் என்று சொல்லவில்லை. எப்படி இது உங்களுக்குத் தோன்றியது என்று கேட்டேன். "முடி எவ்வளவு அடர்த்தியா இருந்தாலும் வகிடு எடுத்துச் சீவியிருந்தா வீட்டுல யாரோ கவனிக்கிறாங்கன்னு தெரியுதுல்ல" என்றார். இப்போது எங்கள் நிறுவனத்தின் எல்லா வரைபடங்களிலும் அந்த வெட்டுக்கு வகிடு என்றுதான் பெயர். வேற்று இனத்துச் சகாக்களும் வகிடு, வகிடு என்றே சொல்கிறார்கள்.

அடுத்து அவர் செய்ததுதான் பேட்டையையே அதிரவைத்தது. அந்த அங்சானா மரத்தை வெட்டவேண்டும் என்றார்.

நான் காதைத் தடவிப் பார்த்துக்கொண்டேன். ஒரு சின்னச் செடியை நட்டுவிட்டு வருகிற நாட்களில்கூட பாட்டுப் பாடிக்கொண்டு வருகிறவர் வெட்டச் சொல்கிறார். கான்கிரீட்காரனான நான், சுவர் எழுப்பினால் மரத்தையும் காப்பாற்றிவிடலாமே என்று கெஞ்சிக்கொண்டிருந்தேன். அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் குடியிருப்பாளர்களைக் கூட்டிப் பேசினோம். மேடம் கோ என்ற ஓய்வுபெற்ற சீனத் தாதி முதல் வரிசையில் இருந்தார். நாள் தவறாமல் அந்த மரத்தடியில் உடற்பயிற்சி செய்கிறவர். மரம் பூத்தால் பாதையெல்லாம் மஞ்சளாக உதிர்ந்து கிடக்கும், அதில் யாரும் மிதிக்காமல் சுற்றிப் போகச் சொல்கிறவர். அவர் எழுந்து, செடி நடுவதற்காகச் சம்பளம் வாங்குகிற பெண் மரத்தைக் கொல்ல வந்திருக்கிறாரே என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். கைதட்டினார்கள். நான்கூடக் கைதட்டியிருப்பேன், மேடையில் இருந்ததால் முடியவில்லை.

ஃபரீதா பதறவில்லை. எல்லோரையும் கரைக்குக் கூட்டிக்கொண்டு போனார். மரத்தின் நிழலில் புல் முளைக்காமல் மண் வெறுமையாகக் கிடந்ததைக் காட்டினார். வேர் அகலமாகப் பரவியிருக்கிறதே தவிர, தண்ணீர் குடைகிற அடிமட்டம்வரை இறங்கவில்லை என்பதைக் காட்டினார். மேலே இவ்வளவு பாரம், காற்றடித்தால் அது நெம்புகோலாகி ஆடும், விழும்போது கரையையும் வாரிக்கொண்டு போகும், அந்த நேரத்தில் யார் கீழே உடற்பயிற்சி செய்துகொண்டிருப்பார் என்று சொல்லமுடியாது என்றார். மேடம் கோவின் கண் கலங்கியிருந்தது. ஃபரீதா அவர் கையைப் பிடித்துக்கொண்டு மலாயில் மெதுவாக எதையோ சொன்னார். என்ன சொன்னார் என்று வண்டியில் வரும்போது கேட்டேன்.

"மரத்தத் தூக்கிட்டுப் போகமாட்டேன்னு சொன்னேன். நின்னு காப்பாத்த முடியல, படுத்துக் காப்பாத்தட்டும்" என்றார்.

அப்படியே செய்தார். கிளைகளைக் கழித்து, அடிமரத்தைப் பளு தூக்கியால் இறக்கி, வளைவின் வெளிப்பக்கக் கரையின் அடியில், ஓட்டத்துக்கு லேசாகச் சாய்வாகப் படுக்கவைத்தோம். அது மிதந்து போய்விடாமல் கட்டி நிறுத்தும் வேலை என்னுடையது. அந்தச் சங்கிலிக் கணக்கை நான் எவ்வளவு ஆசையாகப் போட்டேன் என்று எனக்கும் அவருக்கும் மட்டும்தான் தெரியும். அடிக்கட்டையையும் வேரையும் அவர் தோண்ட விடவில்லை. செத்த வேரும் சில ஆண்டுகள் மண்ணைப் பிடித்துக்கொண்டிருக்கும், அதற்குள் புதிய வேர்கள் இறங்கிவிடும் என்றார். மரத்துக்கும் கரைக்கும் நடுவே தேங்காய் நார் உருளைகளைப் போட்டு, வெட்டிவேரும் நாணலும் பாண்டானும் நட்டார். நிழல் போனதால் வெயில் இறங்கியது. நட்டதெல்லாம் பிடித்துக்கொண்டது.

முதல் மழைக்காலத்தின் பெருமழை ஒன்றில் என் கைப்பேசி அலறியது. ஃபரீதா குடையோடு நடைபாலத்தின் மேல் நின்று பேசிக்கொண்டிருந்தார். மழைச் சத்தத்தில் பாதி கேட்கவில்லை. வேகமாக வந்த தண்ணீர் மரத்தில் இடித்து நடு ஓடைக்குத் திரும்புகிறது, கரைப்பக்கம் குளம் மாதிரி அமைதியாக இருக்கிறது, சேறு படிகிறது, சேறு படிகிறது என்று திரும்பத் திரும்பச் சொன்னார். சேறு படிவதற்கு இவ்வளவு சந்தோஷப்பட்ட ஒரு மனுஷியை நான் வாழ்க்கையில் பார்த்ததில்லை. அந்த வாரமே வளைவைப் பார்க்கப் போனபோது மேடம் கோ எங்களுக்காகக் காப்பி வாங்கி வைத்துக்கொண்டு காத்திருந்தார். ஃபரீதாவோடு இப்போது அவருக்கு ஒரே ஒரு மனத்தாங்கல்தான். மரம் எங்கே இருக்கிறது என்று பேரப்பிள்ளைகளுக்குக் காட்டமுடியாமல் செடி மறைக்கிறதாம்.

இரண்டாவது மழைக்காலத்தின் தொடக்கத்தில்தான் ஃபரீதா போனார். அந்த மழை கொஞ்சநஞ்சமல்ல. என் ஆங் மோ கியோ வீட்டு ஜன்னலருகே உட்கார்ந்து, ஒவ்வொரு முறை வானம் இருட்டும்போதும் அந்த வளைவையே நினைத்துக்கொண்டிருந்தேன். கரை இறங்கினால் சுவர் எழுப்பச் சொல்லி நான்தான் எழுதவேண்டும். அவர் இல்லாத நேரத்தில் அதை எழுத எனக்குக் கை வராது என்று பயமாக இருந்தது. அவர் இருந்தால் சண்டை போட்டுக்கொண்டாவது எழுதியிருப்பேன்.

மழை ஓய்ந்து, வெயில் வந்ததும் போனேன். கருவியை நிறுத்தி அளவெடுத்தோம். வளைவின் கரை இறங்கவில்லை. மாறாக, தண்ணீர்ப் பக்கமாக முன்னால் வந்திருந்தது. ஓடை குறுகி, நடுவில் ஆழமாகி, வாழையிலையில் ரசம் போன வழியிலேயே போயிருந்தது. கொள்ளளவையும் கணக்குப் பார்த்தேன். குறையவில்லை. படுத்த மரத்தைக் காணவே காணோம். சேறும் புல்லும் அதை முழுக்க மூடிவிட்டிருந்தன. குடைக் கம்பியால் அங்கங்கே குத்திப் பார்த்தேன், ஓர் இடத்தில் கட்டையில் டொக்கென்று இடித்தது. மேலே நடைபாதையிலிருந்து ஒரு குரல் அதட்டியது. மேடம் கோதான். செடியைக் குத்தாதே, அது அந்த அம்மா நட்டது என்றார். பிறகு என்னை அடையாளம் கண்டுகொண்டு, அவர் ஏன் வரவில்லை என்று கேட்டார். சொன்னேன். வெகுநேரம் ஓடையைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, மீதிப் பாதியையும் உடைக்கப்போகிறீர்களா என்று கேட்டார். ஆமாம், உடைக்கச் சொல்லித்தான் எழுதப்போகிறேன் என்றேன்.

உதவியாளர்கள் கருவிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அளவெல்லாம் சரி, எனக்கு மட்டும் மனம் ஒப்பவில்லை. ஃபரீதாவிடமிருந்து நீங்கள் ஒவ்வொருவரும் ஏதாவது ஒன்றை வைத்திருப்பீர்கள். சிலரிடம் அவர் கொடுத்த செடி இருக்கும், சிலரிடம் அவர் சமையல் கைப்பக்குவம் இருக்கும். நான் வைத்துக்கொண்டது, இத்தனை காலம் செய்ய மறுத்த ஒன்றை. காற்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு வளைவின் விளிம்புக்கு இறங்கினேன். வெட்டிவேர்த் தூர் ஒன்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஓய்வுபெறப் போகும் வயதில் சேர்ந்திருக்கும் எடை முழுவதையும் போட்டுத் தண்ணீர்ப் பக்கமாகச் சாய்ந்தேன். மேடம் கோ பயந்துபோய்க் கையை நீட்டினார். உதவியாளர்கள் ஓடிவந்தார்கள். நான் அப்படியே வானத்தைப் பார்த்தபடி, ஃபரீதா அன்றைக்கு நின்ற மாதிரியே, சாய்ந்து நின்றேன்.

கரையேறிக் கபீரை அழைத்தேன். கடையில் கூட்டம் போல, பின்னால் யாரோ விலை கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"சாஞ்சு பார்த்தேன் தம்பி" என்றேன். "தாங்குது."

விலை கேட்டவரைச் சற்று இருக்கச் சொன்னார். பிறகு, "வெள்ளிக்கிழமை சுவா சூ காங் போறேன்ணே. லாத்தாகிட்டச் சொல்லிடறேன்" என்றார்.